வட்டம் என்றால் என்ன? மாஸ்கோவில் கணிதம் பயில விண்ணப்பித்தவர்கள்



தேர்வு முடிவுகள் வெளிவரும் காலத்தில் ஆசிரியர் அறையிலும் பெற்றோர் கூட்டத்திலும் பல்கலைக்கழக விண்ணப்பத்தைப் பற்றியே பேச்சு. எத்தனை 'ஏ' வேண்டும், எந்தத் துறைக்கு எவ்வளவு புள்ளி வேண்டும் என்று கணக்கிடுகிறோம். இவ்வளவு பெற்றால் இடம் உண்டு என்னும் நம்பிக்கையில்தான் பிள்ளைகளைப் படி, படி என்கிறோம். அந்த நம்பிக்கை அடியோடு பொய்த்துப்போன ஓர் இடத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். இடம், சோவியத் ஒன்றியத்தின் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகம். காலம், 1970-களும் 1980-களும். விண்ணப்பித்தவர்கள் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். அவர்கள் பயில விரும்பிய பாடம் கணிதம்.

முதலில் அப்பல்கலைக்கழகத்தின் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். 1933-ஆம் ஆண்டு அங்கே விசையியலுக்கும் கணிதத்திற்குமாக ஒரு தனிப்புலம் அமைக்கப்பட்டது. ரஷ்யர்கள் அதை 'மெக்மாத்' என்று சுருக்கமாக அழைப்பர். 1953-இல் கட்டிமுடிக்கப்பட்ட 240 மீட்டர் உயரக் கட்டடத்தில் அது இயங்கியது. கோல்மகோரோவ், கெல்ஃபாண்ட் போன்ற பேரறிஞர்கள் அங்குப் பாடம் நடத்தினர். கீழ்நிலைப் பள்ளிகளிலும் கணிதத்திற்குத் தனி மதிப்பு இருந்தது. லெனின்கிராடில் 1934-இலும் மாஸ்கோவில் 1935-இலும் பள்ளி மாணவர்களுக்கான கணித ஒலிம்பியாட் போட்டிகள் தொடங்கின. 1963-இல் கோல்மகோரோவ் தாமே முன்னின்று, நாட்டின் மூலை முடுக்குகளிலிருந்து கணித ஆற்றல் மிக்க பிள்ளைகளைத் தேடிக் கொணர்ந்து பயிற்றுவிக்க ஓர் உறைவிடப் பள்ளியை நிறுவினார். உலகப் புகழ்பெற்ற அறிஞர் ஒருவர் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த நேரம் ஒதுக்கினார் என்பது நம்மைப் போன்ற பள்ளியாசிரியர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

அந்நாட்டுப் பிள்ளைகள் கணிதத்தின்பால் ஈர்க்கப்பட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. வரலாறு, பொருளியல், மெய்யியல் ஆகிய துறைகளில் கட்சி சொல்வதே முடிந்த முடிவாக இருந்தது. கணிதத்தில் அவ்வாறு இயலாது. ஒரு தேற்றம் மெய்ப்பிக்கப்பட்டதா இல்லையா என்பதை எந்த அமைச்சராலும் மாற்ற முடியாது. யார் சொன்னார் என்று பாராமல் என்ன சொன்னார் என்று மட்டுமே பார்க்கும் துறை அது. அந்தத் துறையின் வாயிலிலேயே 'நீ யார்?' என்று கேட்டார்கள் என்பதுதான் இவ்வரலாற்றின் கசப்பு.

சோவியத் குடிமக்களின் உள்நாட்டுக் கடவுச்சீட்டில் ஐந்தாவது வரி என்று ஒன்று இருந்தது. ஒருவருடைய இனத்தைக் குறிப்பிடும் வரி அது. ரஷ்யர், உக்ரேனியர், ஆர்மேனியர் என்பது போல 'யூதர்' என்பதும் அங்கே ஓர் இனமாகவே எழுதப்பட்டது. சமய நம்பிக்கை உண்டா, வழிபாட்டுக்குச் செல்வதுண்டா என்பதெல்லாம் பொருட்டன்று. பெற்றோர் யூதர் எனில் பிள்ளையும் யூதர்.

யூத மாணவர்களுக்கு வரம்பு கட்டுவது ரஷ்யாவுக்குப் புதிதன்று. மன்னராட்சிக் காலத்தில், 1887-இல், வெளிப்படையாகவே ஒரு விதி கொண்டுவரப்பட்டது. யூதர்கள் வாழ அனுமதிக்கப்பட்ட பகுதிகளில் மாணவர்களுள் நூற்றுக்குப் பத்துப் பேர், அப்பகுதிகளுக்கு வெளியே ஐந்து பேர், மாஸ்கோ, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆகிய இரு தலைநகரங்களிலும் மூன்று பேர். அதற்கு மேல் இடமில்லை. 1917-ஆம் ஆண்டுப் புரட்சி இவ்விதியை ஒழித்தது. அதன் பின்னர் யூதர்கள் பெருந்தொகையில் பல்கலைக்கழகங்களில் சேர்ந்தனர். சோவியத் கணிதத்தின் புகழில் அவர்களுடைய பங்கு மிகப் பெரிது. ஆயினும் ஸ்டாலினின் இறுதி ஆண்டுகளில் யூத எதிர்ப்பு மீண்டும் தலைதூக்கியது. சட்டத்தில் எதுவும் எழுதப்படவில்லை. எழுதப்பட்டிருந்தால் எதிர்த்தாவது பேசியிருக்கலாம்.

மெக்மாத்தில் நிலைமை மோசமானதற்கு 1968 ஒரு திருப்புமுனை என்பர். அவ்வாண்டு எசெனின்-வோல்பின் என்னும் கணித அறிஞரை, அவருடைய அரசியல் கருத்துகளுக்காக, மனநோய் மருத்துவமனையில் வலிந்து அடைத்தார்கள். அதைக் கண்டித்து 99 கணித அறிஞர்கள் ஒரு கடிதத்தில் கையொப்பமிட்டனர். கையொப்பமிட்டவர்கள் பலரும் தொல்லைக்கு ஆளாயினர். புலத்தின் நிருவாகமும் கடுமையாயிற்று. 1951 முதல் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த கணித அறிஞர் பெத்ரோவ்ஸ்கி 1973-இல் காலமானார். எழுபதுகளின் நடுப்பகுதிக்குள் யூத மாணவர்களுக்குக் கதவு ஏறத்தாழ முழுவதுமாக அடைபட்டுவிட்டது.

கதவை எவ்வாறு அடைத்தார்கள்? ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இதுவே.

நுழைவுத் தேர்வு நான்கு பகுதிகளைக் கொண்டது: எழுத்துவழிக் கணிதம், வாய்மொழிக் கணிதம், இயற்பியல், ரஷ்ய இலக்கியக் கட்டுரை. மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் தேர்வு ஜூலையில் நடக்கும்; பிற கழகங்களின் தேர்வு ஆகஸ்டில். ஆகவே ஜூலையில் தோற்றவர் ஆகஸ்டில் வேறோர் இடத்தில் முயன்று பார்க்கலாம். அங்கும் கிடைக்காவிடில், ஆண்பிள்ளையாக இருந்தால், பதினெட்டு வயதில் கட்டாய இராணுவச் சேவை. 1979-க்குப் பின் இராணுவம் என்றால் ஆப்கானிஸ்தான் போராகவும் இருக்கலாம். வீட்டில் தாய் தந்தையர் எத்தகைய கலக்கத்தோடு அந்த ஜூலை மாதத்தைக் கடந்திருப்பார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

எழுத்துத் தேர்வில் ஒருவரைத் தோற்கடிப்பது சற்றுக் கடினம். விடைத்தாள் சான்றாக நிற்கும். வாய்மொழித் தேர்வில் அவ்வாறில்லை. யூதர் என்று குறிக்கப்பட்ட மாணவர்களுக்குத் தனி அறை, தனித் தேர்வாளர்கள். அவர்களுக்காகவே திரட்டி வைக்கப்பட்ட வினாக்கள். அவ்வினாக்களுக்கு மாணவரிடையே 'சவப்பெட்டிகள்' என்று பெயர்.

அவ்வினாக்களுள் எளிய ஒன்றை இங்கே தருகிறேன். 2-ஐ அடிமானமாகக் கொண்ட 3-இன் மடக்கை பெரிதா, 3-ஐ அடிமானமாகக் கொண்ட 5-இன் மடக்கை பெரிதா? வேறுவிதமாகச் சொன்னால், 2-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 3 வரும். 3-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 5 வரும். இவ்விரு அடுக்குகளில் எது பெரியது? கையில் தாளும் எழுதுகோலும் மட்டுமே. எதிரில் கடுத்த முகத்தோடு இரண்டு தேர்வாளர்கள்.

விடையைப் பாருங்கள். 2-இன் கனம் 8. 3-இன் வர்க்கம் 9. எட்டு ஒன்பதைவிடச் சிறியது. எனவே 2-ஐ ஒன்றரை அடுக்குக்கு உயர்த்தினாலும் 3-ஐ எட்டாது. அதற்கு ஒன்றரையைவிடக் கூடுதலான அடுக்கு தேவை. அடுத்து, 3-இன் கனம் 27. 5-இன் வர்க்கம் 25. ஆக, 3-ஐ ஒன்றரை அடுக்குக்கு உயர்த்தினாலே 5-ஐத் தாண்டிவிடும். ஒன்றரையைவிடக் குறைந்த அடுக்கே போதும். முதலாவதே பெரியது. நான்கைந்து வரிகளில் முடிந்துவிட்டது. படிவம் நான்கு மாணவர்கூட இதைப் படித்துப் புரிந்துகொள்வார்.

ஆனால், 'ஒன்றரையோடு ஒப்பிட்டுப் பார்' என்னும் எண்ணம் தோன்ற வேண்டுமே! அது ஐந்து நிமிடத்திலும் தோன்றலாம், ஐந்து நாளிலும் தோன்றாமல் போகலாம். இதைவிடப் பன்மடங்கு கடினமானவை அத்தொகுப்பில் இருந்தன. அவற்றுக்கும் இதே இயல்புதான்: விடை சுருக்கமானது, பள்ளிப் பாடத்திட்டத்திற்கு உட்பட்டது, கண்டுபிடிப்பதோ அரிது. விடை சுருக்கமாக இருப்பதே இச்சூழ்ச்சியின் உயிர்நாடி. தோற்ற மாணவன் மேல்முறையீடு செய்தால், 'இதோ பாருங்கள், இவ்வளவு எளிய கணக்கு. இதைக்கூட இவரால் செய்ய இயலவில்லை' என்று அரைப்பக்க விடையைக் காட்டிவிடலாம்.

தனித்தனியே பார்த்தால் அவ்வினாக்களில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. சில மிக அழகானவை. கணித மன்றத்தில் கொடுத்து ஒரு வாரம் யோசிக்கச் சொன்னால் மாணவர்கள் மகிழ்ந்துபோவார்கள். யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு நேரம் கொடுப்பது, எந்த முகத்தோடு கொடுப்பது என்பதில்தான் வஞ்சம் இருந்தது. அவ்வினாக்களைத் தேடித் திரட்டியவர்களும் கணிதம் கற்றவர்களே என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது. கணிதம் அறியாத ஓர் அதிகாரியால் இவ்வளவு நுட்பமாகத் தீங்கிழைத்திருக்க முடியாது.

1975-ஆம் ஆண்டுக் கோடையில் அனைத்துலகக் கணித ஒலிம்பியாட்டுக்காகச் சோவியத் அணி பயிற்சி முகாமில் இருந்தது. வலேரி செந்தரோவ் என்னும் மாஸ்கோ கணித ஆசிரியர் அங்கே சென்று, யூத மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வினாக்களின் பட்டியலை அணியினரிடம் தந்து, விடை காண உதவுமாறு வேண்டினார். நாட்டின் தலைசிறந்த இளம் மூளைகள் கூடியமர்ந்து, நேரக் கட்டுப்பாடின்றி, ஒரு மாதம் முயன்றும் ஏறத்தாழப் பாதியைத்தான் தீர்க்க முடிந்தது. அவ்வணியில் இருந்த தான்யா கோவனோவா என்பவர் பின்னாளில் இதை எழுதியிருக்கிறார். தனியே நின்ற பதினேழு வயதுப் பிள்ளையிடம் இவ்வினாக்களைச் சில மணிநேரத்தில் தீர்க்கச் சொன்னார்கள்.

செந்தரோவும் அவருடைய நண்பர் போரிஸ் கனேவ்ஸ்கியும் அத்தோடு நிற்கவில்லை. தேர்வு நாளில் பல்கலைக்கழக வாயிலில் நின்று, வெளியே வந்த மாணவர்களிடம் என்ன கேட்டார்கள், எவ்வளவு நேரம் கேட்டார்கள், முடிவு என்ன என்று குறித்துக்கொண்டனர். மாஸ்கோவின் சிறந்த கணிதப் பள்ளிகளிலிருந்து விண்ணப்பித்தவர்களின் முடிவுகளை இனவாரியாக ஒப்பிட்டு, 1980-இல் 'அறிவுசார் இனப்படுகொலை' என்னும் தலைப்பில் ஓர் அறிக்கையைத் தயாரித்துக் கமுக்கமாகச் சுற்றுக்கு விட்டனர். தலைப்பு சற்று மிகையென்று சிலர் கருதலாம். ஆனால் உள்ளே இருந்தவை பெயர்களும் வினாக்களும் மதிப்பெண்களும்தாம்.

இனி, பெல்லா சுப்போதோவ்ஸ்கயா என்னும் அம்மையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவரும் கணித அறிஞரே. தருக்கக் கோவைகளின் சிக்கலளவைப் பற்றி 1961-இல் இவர் வெளியிட்ட ஆய்வுமுறை இன்றும் கணினி அறிவியலில் பயன்பட்டு வருகிறது. 1978-இல், மெக்மாத் கதவடைத்த பிள்ளைகளுக்காகத் தம் வீட்டிலேயே வகுப்புத் தொடங்கினார். முதலில் வந்தவர்கள் ஒரு சிறு குழுவினரே. பின்னர் வீடு கொள்ளாமற்போகவே, பாலர் பள்ளிக் கட்டடம், பிற கல்விக்கழகங்களின் காலியான அறைகள் என்று இடம் மாறி மாறி நடந்தது. பகுப்பாய்வு, இயற்கணிதம், வடிவியல் என மெக்மாத்தின் பாடங்களே அங்கும் கற்பிக்கப்பட்டன. 'யூத மக்கள் பல்கலைக்கழகம்' என்பது அதற்கு அமைந்த பெயர். யூதரல்லாத மாணவர்களும் அங்கே வந்து பயின்றனர்.

மாணவர்கள் அனைவரும் வார நாள்களில் ஏதேனும் ஒரு தொழில்நுட்பக் கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள். அது முடிந்தபின் இங்கு வந்து கணிதம் கற்றார்கள். சான்றிதழ் கிடையாது, பட்டம் கிடையாது. கற்பித்தவர்களுக்கு ஊதியமும் கிடையாது. திமித்ரி ஃபூக்ஸ், போரிஸ் ஃபெய்கின், அலெக்ஸேய் சொசின்ஸ்கி, ஆந்திரேய் ஸெலெவின்ஸ்கி ஆகியோர் கற்பித்தோருள் சிலர். நம் காலத்தின் முதல் வரிசைக் கணித அறிஞர்கள் இவர்கள். மாஸ்கோவுக்கு வந்திருந்த அமெரிக்க அறிஞர் ஜான் மில்னோரும் ஒருமுறை இங்கே விரிவுரை ஆற்றினார். சுப்போதோவ்ஸ்கயா அறைக்கு ஏற்பாடு செய்வார். மாணவர்களைத் தொலைபேசியில் அழைத்துச் செய்தி சொல்வார். விரிவுரைக் குறிப்புகளைப் படியெடுத்துக் கொடுப்பார். படியெடுக்கும் பொறிகள் அரசின் கண்காணிப்பில் இருந்த நாடு அது என்பதை மறக்கக்கூடாது. பசியோடு வரும் பிள்ளைகளுக்கு ரொட்டி செய்தும் கொண்டுவருவார். தமிழ்ப்பள்ளிகளில் மாலை வகுப்பு நடத்தும் ஆசிரியைகள் பலர் இந்த இடத்தைப் படிக்கும்போது புன்னகைப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நான்கு ஆண்டுகளில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் அவ்வகுப்புகளுக்கு வந்து சென்றனர். அரசியல் பேசுவதில்லை என்பது அங்கே எழுதாத விதி. அப்படியிருந்தும் அரசு விட்டுவைக்கவில்லை. 1982-ஆம் ஆண்டுக் கோடையில் செந்தரோவும் கனேவ்ஸ்கியும் கைது செய்யப்பட்டனர். செந்தரோவுக்கு ஏழாண்டு முகாம் சிறையும் ஐந்தாண்டு நாடுகடத்தலும் விதிக்கப்பட்டன. 1987-இல்தான் அவர் வெளியே வந்தார். சுப்போதோவ்ஸ்கயாவையும் கே.ஜி.பி. அழைத்து விசாரித்தது. 1982 செப்டம்பர் 23-ஆம் நாள் இரவு, தம் தாயாரைப் பார்த்துவிட்டுத் திரும்புகையில், ஆளரவமற்ற தெருவில் வாகனம் மோதி அவர் உயிரிழந்தார். அப்போது நாற்பதுகளில் இருந்தார். அது விபத்தன்று, கொலை என்றே நண்பர்கள் பலரும் நம்பினர். எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. அவருக்குப் பின் வகுப்புகள் நெடுநாள் நீடிக்கவில்லை.

அதே 1982-இல் லெனின்கிராடைச் சேர்ந்த கிரிகோரி பெரல்மான் என்னும் யூத மாணவர் புடாபெஸ்டில் நடந்த அனைத்துலக ஒலிம்பியாட்டில் முழு மதிப்பெண் பெற்றார். ஒலிம்பியாட் அணியினருக்கு நுழைவுத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. ஆதலால் அவர் லெனின்கிராட் பல்கலைக்கழகத்தில் நேரே சேர்ந்தார். பின்னாளில் புவான்கரே ஊகத்தை மெய்ப்பித்தவர் இவர்தாம். வாய்மொழித் தேர்வறையைத் தவிர்க்க உலகப் போட்டியில் அணியிடம் பெற வேண்டியிருந்தது. அத்தகைய இடங்கள் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணத்தக்கவை.

இரண்டாண்டுகள் கழித்து, 1984-இல், எட்வர்ட் ஃப்ரெங்கெல் என்னும் பதினாறு வயதுப் பிள்ளை மெக்மாத்துக்கு விண்ணப்பித்தார். ஊர், மாஸ்கோவிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் உள்ள கொலோம்னா. தாய் ரஷ்யர், தந்தை யூதர். ஆவணத்தில் ரஷ்யர் என்றே இருந்தபோதிலும் குடும்பப் பெயர் காட்டிக்கொடுத்துவிட்டது. எழுத்துத் தேர்வில் ஐந்து கணக்குகளையும் செய்து முடித்தார். ஐந்தாவது யாராலும் செய்யமுடியாதது என்று பெயர்பெற்றது. பிறகு வாய்மொழித் தேர்வு. சீட்டு எடுத்தார், விடை ஆயத்தம் செய்தார், கையை உயர்த்தினார். அறையிலிருந்த தேர்வாளர்கள் அவரைக் காணாததுபோல் கடந்து சென்றனர். பிற மாணவர்கள் ஒவ்வொருவராக முடித்துக்கொண்டு போயினர். பின்னர் இருவர் வந்தனர், அவரைத் தேர்வு செய்வதற்கென்றே.

முதல் வினா, முக்கோணத்தின் உள்வட்டம் பற்றியது. அவர் விளக்கத் தொடங்கியதும் இடைமறித்து, வட்டம் என்றால் என்ன என்று கேட்டனர். ஒரு தளத்தில், குறிப்பிட்ட ஒரு புள்ளியிலிருந்து சம தொலைவில் உள்ள புள்ளிகளின் தொகுதி என்றார் ஃப்ரெங்கெல். தவறு என்றனர். 'புள்ளிகளின்' என்று சொல்லக்கூடாதாம். 'அனைத்துப் புள்ளிகளின்' என்று சொல்ல வேண்டுமாம்.

கணிதத் துல்லியம் என்று பார்த்தால் அவர்கள் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதுதான் எரிச்சலூட்டுகிறது. வகுப்பில் ஒரு பிள்ளை இவ்வாறு சொன்னால், 'நன்று, அனைத்துப் புள்ளிகளும் என்று சேர்த்துக்கொள்' என்று கூறிவிட்டு மேலே செல்வோம். வாய்மொழித் தேர்வு நடத்தியவர்கள் யாவரும் அறிவர்: பிள்ளையின் விடையைக் கேட்கும் காதுக்கும், அதில் ஓட்டை தேடும் காதுக்கும் வேறுபாடு உண்டு. அங்கே நான்கு மணிநேரத்திற்கும் மேலாக ஓட்டை தேடினர். இறுதியில் ஃப்ரெங்கெல் தம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

வெளியேறும்போது மின்தூக்கியில் தேர்வாளருள் ஒருவரும் உடன் வந்தார். மாணவரின் திறமையை மெச்சிப் பேசிவிட்டு, எண்ணெய், எரிவாயுக் கழகத்தில் பயன்பாட்டுக் கணிதம் உள்ளது, உம்மைப் போன்றவர்களை அங்கே சேர்த்துக்கொள்கிறார்கள் என்று யோசனையும் கூறினார். சற்றுமுன் அப்பிள்ளையைத் தோற்கடித்தவர் இவர். இவரை எவ்வாறு மதிப்பிடுவது என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.

அந்த யோசனை பலித்தது. மாணவர்கள் 'கெரோசின்கா' என்று கேலியாக அழைத்த அக்கழகத்தில் ஃப்ரெங்கெல் சேர்ந்தார். மாலையில் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் வேலியேறிக் குதித்து, உள்ளே நடக்கும் கருத்தரங்குகளில் அமர்ந்தார். அவருக்கு முதல் ஆய்வுச் சிக்கலைக் கொடுத்து வழிநடத்தியவர் திமித்ரி ஃபூக்ஸ். பின்னர் இணைந்து ஆய்வு செய்தவர் போரிஸ் ஃபெய்கின். இருவரும் சுப்போதோவ்ஸ்கயாவின் வகுப்புகளில் ஊதியமின்றிக் கற்பித்தவர்கள். 1989-இல், இருபத்தொரு வயதில், ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஃப்ரெங்கெலை வருகைதரு பேராசிரியராக அழைத்தது. பிற்காலத்தில் பெர்க்கிலியில் பேராசிரியரானார். 2013-இல் வெளிவந்த 'காதலும் கணிதமும்' என்னும் தன்வரலாற்று நூலில் இந்நிகழ்ச்சிகளை அவர் விரிவாக எழுதியுள்ளார்.

இது வெற்றிபெற்ற ஒருவரின் கதை. அவரைப் போன்றே கையுயர்த்திக் காத்திருந்து, பின் வேறு தொழிலுக்குப் போனவர்கள் எத்தனை பேரோ! அவர்கள் நூல் எழுதவில்லை.

எண்பதுகளின் பிற்பகுதியில் கோர்பச்சேவின் சீர்திருத்தங்களோடு இவ்வழக்கம் தளர்ந்து மறைந்தது. அப்பொழுதைக்குள் ஏராளமான கணித அறிஞர்கள் நாட்டை விட்டு வெளியேறத் தொடங்கிவிட்டனர்.

முன்பு குறிப்பிட்ட தான்யா கோவனோவா, அலெக்ஸேய் ரடுல் என்பவரோடு சேர்ந்து, அச்சவப்பெட்டி வினாக்களுள் இருபத்தொன்றை விடைகளுடன் தொகுத்து 2011-இல் இணையத்தில் அனைவருக்கும் இலவசமாக வெளியிட்டார். அவற்றுள் ஒன்று: தளத்தில் ஆறு புள்ளிகளைக் குறிக்க வேண்டும். எந்த மூன்றும் ஒரே கோட்டில் அமையக்கூடாது. எந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு முழு எண்ணாக இருக்க வேண்டும். முடியுமா? வீட்டில் இடைநிலைப்பள்ளி மாணவர் இருந்தால் கொடுத்துப் பாருங்கள். 3, 4, 5 அலகுப் பக்கங்கள் கொண்ட செங்கோண முக்கோணத்திலிருந்து தொடங்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.